றங்குப்பெட்டித் தகரத்தில் ஒரு சிற்பம்: உலோகச் சிற்பங்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

சென்ற வருடம் பெரியம்மாவை மாணவர் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தின் நடுவில் ஆளுயரத்தில் ஒன்று நின்றது. கறள் பிடித்த தகரம், வளைத்துக் கட்டிய கம்பி, இடையிடையே பாதி எரிந்த பனைமட்டை. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது ஆரின்ர சிலை, தம்பி?" என்று கேட்டார்.

"ஒருத்தரின்ரயும் இல்லைப் பெரியம்மா. இது நவீன சிற்பம்," என்றேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே எனக்கு விளங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. மெதுவாக அதைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் போனதும் நின்று, குனிந்து பார்த்தார். "இது றங்குப்பெட்டித் தகரமெல்லோ," என்றார்.

நான் பத்து நிமிடமாக அதன் முன்னால் நின்றும் காணாததை அவர் ஒரு சுற்றில் கண்டுவிட்டார். இன்றைய சிற்பிகள் இரும்பிலும் செம்பிலும் தகரத்திலும், இன்னும் கையில் கிடைத்த எல்லாவற்றிலும் செய்யும் வேலைகளைப் பார்த்துவிட்டு "ஒண்டும் விளங்கேல்லை" என்று திரும்பி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சிற்பி இல்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கே நின்று பொறி பறப்பதைப் பார்த்து, இரவில் கண் எரிந்து படுத்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். உலோகத்தின் மேல் உள்ள ஆசை அங்கே பிடித்தது, பிறகு விடவில்லை.

யார் என்ற கேள்வியும் எது என்ற கேள்வியும்

பெரியம்மாவின் முதற்கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. நாங்கள் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் சிலை என்றால் அது யாரோ ஒருவருடையது. கோயிலில் எழுந்தருளி வரும்போது கையில் வேல் இருந்தால் முருகன், மான் மழு இருந்தால் சிவன். பொது நூலகத்தின் முன்னால் வீணையோடு இருப்பது சரஸ்வதி. முத்திரைச் சந்தியில் குதிரை மேல் இருப்பது சங்கிலியன். முகம், ஆயுதம், வாகனம் ஆகியவற்றைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிறோம். அந்தச் சிலைகளுக்கு அதுதான் சரியான வழி.

கடந்த நூறு வருடங்களில் செய்யப்பட்ட சிற்பங்களில் பெரும்பகுதிக்கு இந்த வழி உதவாது. அவற்றில் ஆள் இருக்கவே வேண்டும் என்றில்லை. அங்கே முதலில் கேட்க வேண்டியது, "இது எதனால் ஆனது? சிற்பமாவதற்கு முன் இந்தப் பொருள் என்னவாக இருந்தது?" என்பதுதான். பொருள் என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பண்டம் என்றும் அர்த்தம், கருத்து என்றும் அர்த்தம். இன்றைய சிற்பி இந்த இரண்டையும் பிரிப்பதில்லை. கையில் எடுத்த பண்டத்திலேயே சொல்ல வந்த விஷயத்தின் பாதி இருக்கிறது என்று நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறார்.

ஒரு கதிரையை நினைத்துப் பாருங்கள். பனைமரத்தில் செய்த கதிரை ஒரு வீட்டை நினைப்பூட்டும். அதே அளவில், அதே வடிவில், பித்தளையில் வார்த்துத் தங்க முலாம் பூசினால் சிம்மாசனம் நினைவுக்கு வரும். சீமெந்தில் செய்தால் பூங்கா. துப்பாக்கிகளை வெட்டி ஒட்டிச் செய்தால்? அப்படி ஒரு கதிரை உண்மையில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நான்கிலும் வடிவம் ஒன்றுதான். பொருள் மாறியதும் நாங்கள் அதன் முன்னால் நிற்கும் விதமே மாறிவிடுகிறது.

வார்ப்பது

உலோகத்தைச் சிற்பமாக்கப் பல வழிகள் உண்டு. உருக்கி வார்க்கலாம், தட்டி வளைக்கலாம், துண்டு துண்டாக ஒட்டலாம். தொடங்குபவருக்கு வார்ப்பதும் ஒட்டுவதும் விளங்கினால் போதும். மற்றவை தானாக விளங்கும்.

வார்ப்பு எங்களுக்கு மிகப் பழையது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துப் பிசைந்து முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். விரல் நகம், இடுப்பு மணி, முடிச் சுருள் என்று எல்லாமே மெழுகில் முடிந்துவிட வேண்டும். அதன் மேல் நயமான வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, பிறகு பருக்கன் மண்ணைக் கனமாக அப்பி, கம்பி சுற்றிக் கட்டுகிறார்கள். அதைச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓட்டை வழியாக வெளியே போய்விடும். உள்ளே மெழுகு இருந்த இடம் வெறும் வெளியாக இருக்கும். அந்த வெளிக்குள் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்தால் அந்தச் சூடு கொஞ்சம் குறையும். ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துவிட்டதால் அதே சிலையை இன்னொரு முறை வார்க்க முடியாது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள், காவேரி வண்டலை வைத்து. எங்கள் தீவிலும் இதன் உச்சம் இருக்கிறது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் மண்ணுக்குள் இருந்து எடுத்த செப்புத் திருமேனிகள் கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் நிற்கின்றன. கொழும்புக்கு ஏதோ அலுவலாகப் போகிறவர்கள் ஒரு மணித்தியாலத்தை அதற்கு ஒதுக்கலாம். நடராசரின் தூக்கிய காலுக்குக் கீழே நின்று பார்த்தால், இத்தனை பாரமான ஒன்று எப்படிப் பாரமே இல்லாததுபோல் நிற்கிறது என்ற கேள்வி எழும். நல்ல உலோகச் சிற்பம் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, பழையதிலும் புதியதிலும்.

வார்ப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலோகம் உருகும்போது தன் பழைய உருவத்தை இழந்துவிடுகிறது. உலைக்குள் போனது உடைந்த குத்துவிளக்கா, பழைய செம்பா, புதிதாக வாங்கிய கட்டியா என்று சிலையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குத் தெரியும். கோயில் விக்கிரகத்துக்கோ மணிக்கோ உலோகம் ஊற்றும் நாளில் பெண்கள் தோடு, மோதிரம் கழற்றி உலைக்குள் போடுவதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மணி அடிக்கும்போது தன் மோதிரமும் சேர்ந்து ஒலிக்கிறது என்று ஒருத்திக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த அறிவும் அந்த மணியில் ஒரு பாகம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒட்டுவது

இருபதாம் நூற்றாண்டில் சிற்பத்தைத் தலைகீழாக மாற்றியது வெல்டிங். அதுவரை சிற்பி ஒன்றில் கல்லைச் செதுக்கிக் குறைத்தார், அல்லது மண்ணையும் மெழுகையும் அப்பிக் கூட்டினார். வெல்டிங் வந்ததும் தனித்தனித் துண்டுகளை எடுத்து, வெளியில் கோடு கீறுவதுபோல் ஒன்றோடொன்று பொருத்த முடிந்தது. நிறைந்த உடல் தேவையில்லை. நான்கு கம்பிகளும் நடுவில் உள்ள காற்றும் சேர்ந்தால் ஒரு தலை.

இதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் பார்சிலோனாவில் பிறந்த ஹூலியோ கொன்சாலெஸ். உலோக வேலைக் குடும்பம், தகப்பனார் பொற்கொல்லர். நகையும் அலங்கார வேலையும் செய்து வளர்ந்தவர், 1918 இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ரெனோ கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, ஒட்சிசனையும் அசற்றிலீன் வாயுவையும் சேர்த்து எரித்து ஒட்டும் ஒட்சிஅசற்றிலீன் வெல்டிங்கைக் கற்றுக்கொண்டார். அந்தச் சுவாலையின் சூடு 3000 பாகைக்கும் மேல். இரும்பு 1538 பாகையில் உருகிவிடும் என்பதால் இரண்டு துண்டுகளின் ஓரமும் நீராகி ஒன்றாகக் கலந்துவிடும். பத்து வருடத்துக்குப் பிறகு அவர் பிக்காசோவுக்கு உலோக வேலையில் துணையாக நின்றார். அந்தச் சில வருடங்களில் இரும்பு, சிற்பத்துக்கு உகந்த பொருளானது. அதற்கு முன்பு அது கேற்றுக்கும் பாலத்துக்கும் உரியதாகவே இருந்தது. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைப் பின்னறைகளில் ஊதுகுழலோடு இருந்து தங்கத்தை ஒட்டும் பத்தர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது. கையும் கண்ணும் அதேதான். நெருப்புத்தான் பெரிது.

1942 இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீற்றையும் ஹாண்டிலையும் எடுத்தார். சீற்றை நிமிர்த்தி, அதன் மேல் ஹாண்டிலைப் பொருத்தினார். காளைமாட்டின் தலை! இரண்டே பொருட்கள். பார்த்தவுடன் மாடு தெரியும், அடுத்த கணம் சைக்கிள் தெரியும், பிறகு இரண்டும் மாறி மாறித் தெரிந்துகொண்டே இருக்கும். கிடைத்த பொருளை அப்படியே எடுத்து வேறொன்றோடு சேர்த்து, பழைய அடையாளம் அழியாமல் புது உருவம் எழுப்பும் இந்த முறையைச் சேர்ப்புச் சிற்பம் என்று சொல்லலாம். பிற்பாடு பிக்காசோ அந்தத் தலையை வெண்கலத்திலும் வார்த்தார். எனக்கு வெண்கலப் பிரதியைவிட முதற்பிரதிதான் பிடிக்கும். தோல் தேய்ந்த அந்தச் சீற்றில் யாரோ இருந்து ஓடியிருக்கிறார்கள் என்பது வெண்கலத்தில் போய்விடுகிறது.

இந்த முறையை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவர்களுக்குப் பாடம் வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் விலை ஏறியபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து விளக்கு செய்தார்கள். பற்றரி இல்லாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் பள்ளிக்கூட மணி. ஒரு பொருள் ஒரே வேலைக்குத்தான் என்ற எண்ணம் இல்லாமல் வாழ்ந்தவர்கள் இவர்கள். அவர்கள் செய்தது சிற்பம் என்று சொல்ல வரவில்லை. தேவை வேறு, கலை வேறு. ஆனால் சைக்கிள் சீற்றில் மாட்டைக் காணும் கண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒட்டு தெரியலாமா?

வெல்டிங் பட்டறையில் வேலை முடிந்ததும் ஒட்டிய இடத்தில் புழுப்போல் ஒரு தழும்பு நிற்கும். கேற் செய்பவர் அதைக் கிரைண்டரால் உரசிச் சமப்படுத்திப் பெயின்ற் அடிப்பார். சிற்பிக்கு அது ஒரு தெரிவு.

சிக்காகோ நகரில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த பெரிய கண்ணாடி அவரைவிதை போன்ற சிற்பம் நிற்கிறது. 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை ஒட்டிச் செய்தது. ஏறத்தாழ 10 மீற்றர் உயரம், 20 மீற்றர் நீளம். 2006 இல் முழுதாக முடிந்தபோது ஒட்டு ஒன்றுகூடத் தெரியவில்லை. அத்தனை தழும்பையும் தேய்த்துத் தேய்த்து இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். அதனால் பார்ப்பவருக்கு உலோகமே தெரிவதில்லை. வானமும் கட்டிடங்களும், வளைந்து நெளிந்த தன் முகமும்தான் தெரிகின்றன. மனிதக் கை பட்ட அடையாளம் இருந்திருந்தால் அந்த மாயம் கலைந்திருக்கும்.

சென்னைச் சிற்பி ஜானகிராம் நேரெதிர். செப்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டி எழுப்பி, அதன் மேல் உலோகக் கோடுகளை ஒட்டி உருவம் செய்தவர். தட்டிய அடியும் ஒட்டிய தடமும் அப்படியே இருக்கும். 1966 இல் கே. சி. எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலக் கலைக்கிராமத்தில் வளர்ந்த நந்தகோபாலும் செம்பையும் பித்தளையையும் ஒட்டி ஒட்டி எழுப்பினார். அவருடைய சிற்பங்களை முன்னால் நின்று பார்க்க வேண்டும், கோயிலில் திருவாசியோடு சேர்த்துச் சாமியைப் பார்ப்பதுபோல. நவீனமான வேலை, ஆனால் நிற்கும் இடம் மூலஸ்தானத்து வாசல். இவர்களிடம் ஒட்டு மறைக்கப்பட்டிருந்தால் பாதி அழகு போயிருக்கும்.

ஆகவே ஒரு உலோகச் சிற்பத்துக்குப் பக்கத்தில் போனால் துண்டும் துண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். வெல்டிங்கா, ஆணியா, கம்பிக் கட்டா, நூலா? மறைத்திருக்கிறாரா, காட்டுகிறாரா? முழுச்சிற்பமும் விளங்காவிட்டாலும் இந்த ஒரு இடத்தில் சிற்பியின் மனம் தெரிந்துவிடும்.

களிம்பும் கறளும்

உலோகம் செத்த பொருள் இல்லை. காற்றோடும் உப்போடும் பேசிக்கொண்டே இருக்கும்.

செம்பில் பச்சையாகப் படிவதைக் களிம்பு என்கிறோம். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. உயிரோடு ஆணவமலம் ஒட்டியிருப்பதற்கு உவமையே செம்பும் களிம்பும்தான். வீட்டில் நாங்கள் அதைப் பழப்புளி போட்டுத் தேய்த்து எடுக்கிறோம். புளியில் உள்ள அமிலம் அந்தப் படிவைக் கரைக்கிறது, கீழே செம்பு பளபளக்கிறது. திருவிழாவுக்கு முதல்நாள் குத்துவிளக்கு மினுக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, சிற்பிகள் அமிலமும் உப்பும் சூடும் கொடுத்து வேண்டுமென்றே களிம்பை வரவழைக்கிறார்கள் என்று முதலில் கேட்டபோது நம்ப முடியவில்லை. அவர்களுக்கு அது அழுக்கில்லை, நிறம். பச்சை, நீலம், கருமண்ணிறம் என்று தூரிகை இல்லாமல் உலோகத்தின் தோலிலேயே எழுப்பும் நிறம். வந்த பிறகு மெழுகு பூசி அதைக் காப்பாற்றுவார்கள்.

இரும்பின் கறள் இன்னும் பெரிய கதை. சாதாரண இரும்பில் கறள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த படையைத் தின்னத் தொடங்கும். செம்பு, குரோமியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்த ஒரு வகை உருக்கில், கறள் இறுக்கமாகப் படிந்து தானே போர்வையாகி உள்ளே உள்ளதைக் காக்கிறது. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செரா இந்த உருக்கின் பிரமாண்டமான தகடுகளை வளைத்து, மனிதர் உள்ளே நடந்து போகும் அளவுக்குச் சிற்பங்கள் செய்தார். இளவயதில் உருக்காலைகளில் உழைத்தவர் அவர். செம்மண் நிறச் சுவர் இரண்டு பக்கமும் சரிந்து வர, நடுவில் நடப்பவருக்குத் தன் உடலின் சமநிலையே சந்தேகமாகிவிடும்.

அதை அப்படியே எங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியாது. உப்புக் காற்று அந்தப் போர்வையைப் படிய விடாது, கறள் நிற்காமல் தின்றுகொண்டே போகும். யாழ்ப்பாணத்தில் எந்த மூலையில் நின்றாலும் கடல் அதிக தூரமில்லை. குருநகரிலோ காரைநகரிலோ வெளியில் வைக்கும் இரும்புச் சிற்பத்துக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும், அல்லது சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதிலாக மொலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், கறள் தின்று முடிப்பதையும் சிற்பத்தின் ஒரு பாகமாகவே சிற்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவது வழியை யாராவது இங்கே துணிந்து எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு இரும்புப் படகை நாவாந்துறைக் கரையில் வைத்து, இருபது வருடம் வருடாவருடம் அதைப் போய்ப் பார்ப்பது எப்படி இருக்கும்!

மூடியும் பரலும் பாத்திரமும்

கானாவில் 1944 இல் பிறந்து நைஜீரியாவின் என்சுக்காவில் வாழ்ந்து வேலை செய்தவர் எல் அனற்சுயி. தொண்ணூறுகளின் இறுதியில் அவருக்கு ஒரு பை நிறைய மதுப்போத்தல் மூடிகள் கிடைத்தன. அலுமினிய மூடிகள். அவற்றைத் தட்டையாக்கி, மடித்து, திருகி, ஓரத்தில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார். ஆயிரக்கணக்கில் தைத்ததும் அது துணியானது. மண்டபச் சுவரில் தொங்கவிட்டால் சரிகைச் சேலைபோல் மடிந்து விழுகிறது. பொன், சிவப்பு, கறுப்பு. கிட்டப் போனால் போத்தல் மூடியில் சாராயக் கம்பனியின் பெயர் வாசிக்கலாம். ஐரோப்பியர் மேற்கு ஆபிரிக்காவுக்கு மது கொண்டுவந்தார்கள், அடிமை வியாபாரத்தில் மதுவும் ஒரு பண்டமாகப் புழங்கியது. அந்தச் சரித்திரம் முழுவதும் ஒரு மூடியில் இருக்கிறது. அவர் அதை எழுதிவைக்கவில்லை, தைத்துவைத்தார்.

அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது, தொங்கவிடும் முறையை அவர் கட்டாயப்படுத்துவதில்லை என்பது. ஒவ்வொரு இடத்திலும் தொங்கவிடுபவர்களே மடிப்பைத் தீர்மானிக்கலாம். உலோகம் என்றால் இறுகியது, மாறாதது என்று நினைத்திருந்தோம். அவருடைய உலோகம் ஒரு சேலையைப்போல் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறாக விழுகிறது. 2015 இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைக் கொடுத்தது.

பீகாரில் பிறந்த சுபோத் குப்தா எவர்சில்வர்ப் பாத்திரங்களை எடுத்தார். தட்டு, வாளி, செம்பு, அடுக்குச்சட்டி. நூற்றுக்கணக்கில் சேர்த்து 2006 இல் ஒரு பிரமாண்டமான மண்டையோடு செய்தார். அந்தச் சிற்பத்தின் படத்தைக் காணும்போதெல்லாம் எனக்குக் கலியாண வீட்டு நினைவு வரும். பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்கள், கண்ணாடி அலுமாரியில் மூக்குப்பேணியோடு வரிசையாக, ஒருநாளும் புழங்காமல். பசியையும் பளபளப்பையும் ஒரே பொருளில் காட்ட எவர்சில்வரைவிட வேறெதுவும் எங்கள் குசினிகளில் இல்லை.

இலங்கைக்குள் வந்தால் சந்திரகுப்த தேனுவரவைச் சொல்லியே ஆக வேண்டும். கொழும்பில் வாழும் சிங்களக் கலைஞர். 1997 இல் அவர் சோதனைச் சாவடிகளில் நின்ற தார்ப் பரல்களை எடுத்து, இராணுவச் சீருடையின் பச்சை மண்ணிறத் திட்டுகளோடு காட்சிக்கு வைத்தார். அதற்குப் பரலிசம் என்றே பெயர் வைத்தார். கறுப்பு யூலையின் நினைவாக யூலை 23 ஆம் திகதியைத் தெரிந்தெடுத்து வருடாவருடம் கண்காட்சி வைப்பவர் அவர். பரலைச் சுற்றிச் சைக்கிளை உருட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பரல் எவ்வளவு பேசும் என்று நான் எழுதத் தேவையில்லை.

எங்கள் ஊரில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2004 இல் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில், இங்குள்ள வீடுகளில் இருந்து மக்கள் கொடுத்த பொருட்களைச் சேர்த்து ஒரு படைப்பை வைத்தார். 1981 இல் எரிந்து, மீண்டும் கட்டப்பட்ட அதே கட்டிடம். புத்தகம் இருந்த இடத்தில் மக்களின் பொருட்கள். இங்கே உலோக வேலையும் இல்லை, செதுக்கலும் இல்லை. பொருளைத் தெரிந்தெடுப்பதும் அதை எந்த இடத்தில் வைப்பதும் மட்டுமே வேலை. சிற்பம் என்ற சொல்லை இவ்வளவு தூரம் நீட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். நீட்டலாம் என்பது என் கட்சி. அந்தப் பொருட்களை வேறொரு மண்டபத்துக்கு மாற்றினால் அவற்றின் அர்த்தம் மாறிவிடும். இடத்தோடு இப்படிப் பிணைந்த ஒன்றுக்கு ஓவியம் என்ற சொல் போதாது.

துப்பாக்கிக் கதிரை

முன்பு சொன்ன கதிரைக்கு வருகிறேன். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992 இல் முடிந்தது. 1995 இல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகள் ஒரு திட்டம் தொடங்கின. ஒளித்துவைத்த ஆயுதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் பதிலுக்குத் தையல் மெஷின், சைக்கிள், மண்வெட்டி. வாங்கிய ஆயுதங்களை வெட்டிச் செயலிழக்கச் செய்து, சிற்பிகளிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்ற சிற்பி 2001 இல் அவற்றை ஒட்டி ஒரு கதிரை செய்தார். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சாய்மானத்தில் துப்பாக்கிப் பிடிகள் மேல்நோக்கி நிற்கின்றன, அவற்றில் உள்ள துளைகள் கண்ணும் வாயுமாகத் தெரிகின்றன. எந்த நாட்டில் செய்த எந்த வகைத் துப்பாக்கி என்று விஷயம் தெரிந்தவர் இன்றும் சொல்லலாம். ஒன்றுகூட ஆபிரிக்காவில் செய்யப்பட்டதில்லை.

கொலம்பியச் சிற்பி டோரிஸ் சல்செடோவின் கைக்கு இதைவிடப் பல மடங்கு ஆயுதம் வந்தது. 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு கெரில்லாக்கள் ஒப்படைத்த ஆயுதங்களில் 37 தொன். நினைவுச் சின்னம் ஒன்று செய்யச் சொன்னார்கள். அவர் நிமிர்ந்து நிற்கும் எதையும் செய்ய மறுத்தார். எல்லாவற்றையும் உருக்கித் தரை ஓடுகளாக வார்த்தார். அச்சுக்கான தகடுகளைச் சுத்தியலால் அடித்து உருவாக்கியவர்கள், அந்தப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். பொகோற்றா நகரில் அந்தத் தரையில் இன்று மக்கள் நடக்கிறார்கள். துப்பாக்கியின் வடிவம் எங்கேயும் இல்லை. அடித்த அடிகள் மட்டும் இருக்கின்றன.

ஒருவர் ஒட்டினார், மற்றவர் வார்த்தார். ஒட்டியதில் ஆயுதம் தன் முகத்தோடு நிற்கிறது, நீ யார் என்று அதைக் கேட்கலாம். வார்த்ததில் ஆயுதத்தின் முகம் பறிக்கப்பட்டுவிட்டது, அடித்த பெண்களின் கை மட்டும் எஞ்சியிருக்கிறது. எது சரி என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இப்போதைக்கு எனக்குத் தரைதான் மனதுக்குக் கிட்ட இருக்கிறது. துப்பாக்கியை அழகாக அடுக்கிப் பார்ப்பதில் ஒரு பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போர் முடிந்த பிறகு வன்னியில் இருந்து எத்தனை பழைய இரும்பு லொறி லொறியாகப் போனது என்று கண்டவர்களுக்குத் தெரியும். நசிந்த சைக்கிள், கதவில்லாத வான், கூரைத் தகரம். எல்லாம் எங்கோ உருகி, எங்கோ கம்பியாகியிருக்கும். அதற்கு முன்பே வடக்கு ரயில் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குள் போயிருந்தன. 2014 இல் ரயில் திரும்பி வந்தது புதுத் தண்டவாளத்தில். ஒரு பழைய தண்டவாளத் துண்டு இன்று ஒரு மாணவரின் கையில் கிடைத்தால், அதில் யாழ்தேவியும் இருக்கிறது, பங்கரும் இருக்கிறது, பள்ளிக்கூட மணியும் இருக்கிறது. மருதனார்மடத்தில் கலை படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கல்லோ வெண்கலமோ யாரும் கொடுக்க முடியாது.

இந்த இடத்தில் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். சிற்பத்துக்கு என்று காணிகளில் கிடக்கும் உலோகத்தை எடுக்கப் போகாதீர்கள். மண்ணில் புதைந்த குழாய்போல் தெரிவது வெடிக்காத எறிகணையாக இருக்கலாம். பழைய இரும்புக் கடையில் வாங்குங்கள், அல்லது வீட்டுச் சாய்ப்பைத் தேடுங்கள்.

திரும்பவும் கண்காட்சிக்கு

"றங்குப்பெட்டித் தகரமெல்லோ" என்று பெரியம்மா சொன்னதும், பக்கத்தில் நின்ற மாணவி கிட்ட வந்தாள். அவள்தான் அதைச் செய்தவள். "ஓமம்மா, அம்மம்மாவின்ர பெட்டி. வெட்டிப்போட்டு ஒட்டினனான்," என்றாள்.

பெரியம்மா தயங்கித் தயங்கி, "தொடலாமோ?" என்று கேட்டார். கோயிலில் விக்கிரகத்தைத் தொட முடியாது, அரும்பொருட்காட்சியகத்திலும் தொட விடமாட்டார்கள். அந்தப் பிள்ளை "தொடுங்கோ" என்றாள்.

தகரத்தின் ஒரு பக்கத்தில் பழைய பச்சைப் பெயின்ற் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெரியம்மாவின் விரல் அதைத் தடவிக்கொண்டே கீழே போய், நான் அதுவரை கவனிக்காத ஒரு கொளுக்கியில் நின்றது. அவள் அதை வெட்டாமல் விட்டிருந்தாள். பெரியம்மா கொளுக்கியைத் தூக்கி விட்டார், பிறகு மாட்டினார். டக் என்ற சத்தம் மண்டபத்தில் கேட்டது. திரும்பவும் தூக்கினார், திரும்பவும் மாட்டினார்.

"தொண்ணூற்றைஞ்சு ஒக்ரோபரில இடம்பெயரேக்க நான் தூக்கினதும் இப்பிடி ஒரு பச்சைப் பெட்டிதான்," என்றார் அவளிடம். "காணி உறுதியும் கலியாணப் படமும் அதுக்குள்ள. சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு செம்மணிப் பக்கத்தால மழைக்குள்ள நடந்தனாங்கள். வழி முழுக்க இந்தக் கொளுக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது பிள்ளை."